கரிகாலன் கொலையை எழுதுவோர் தவறும் இடங்கள்

வரலாற்றுக் கட்டுரை எழுதிப் பழகுவோரின் கைப்பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலையாகிவிட்டது. அவற்றில் இராசராச சோழனின் அண்ணனும் சோழ இளவரசனுமான ஆதித்த கரிகாலனின் கொலை அடிக்கடி வருகிறது. இருபத்தைந்து வயதில் நான் செய்த பிழைகளும் உடன் வருகின்றன. சோழர் அடுக்களையில் மிளகாய் தாளிப்பது போன்ற காலப்பிழைகளையெல்லாம் வேறு யாரேனும் திருத்திவிடுவார்கள்.

படிக்காமலே "கல்வெட்டு சொல்கிறது" என்பது

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டே இக்கொலைக்கு முதன்மைச் சான்று. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று கூறி, சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சுட்டுகிறது. கொலைக்கான காரணமோ நடந்த இடமோ அதில் இல்லை. இக்கொலையோடு பலரும் சேர்த்தெழுதும் நந்தினி, 1950இல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரின் கற்பனைப் பாத்திரம்.

நான் சறுக்கியது 'பஞ்சவன்' என்ற சொல்லில். அது பாண்டியனைக் குறிக்கும் பெயர் என்பதால், கரிகாலன் கொய்த வீரபாண்டியன் தலைக்குப் பாண்டியர் தரப்பு பழிவாங்கிய கதைக்குக் கல்லிலேயே சான்று கிடைத்துவிட்டதாக ஒரு சிற்றிதழில் அடித்து எழுதினேன். அடுத்த வாரமே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: "தம்பியின் பட்டத்தில் சோழன் இருக்கிறானே, அவனை எங்கே ஒளித்தீர்?" பிறர் மேற்கோள் காட்டிய பாதி வரியை மட்டுமே நான் பார்த்திருந்தேன். மறுப்பு எழுதி வெளியிட நேர்ந்தது. அவ்விதழ் அதன்பின் என்னிடம் கட்டுரை கேட்கவேயில்லை. பழிவாங்கல் ஊகமாக இருக்கலாம், சான்றாக முடியாது. சென்ற மாதம்கூட ஒரு கைப்பிரதியில் இதே பாதி வரியைக் கண்டு எரிச்சலடைந்தேன்.

கல்வெட்டின் நோக்கமே வேறு. துரோகிகளின் உடைமைகளைப் பறிக்கும் அரசாணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தணர் ஊரின் சபைக்கு வந்ததையும், அவ்வாறு பறிக்கப்பட்ட நிலம் விலைக்கு வாங்கப்பட்டு அறத்துக்கு அளிக்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. தம்பிமார், மக்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு உடன்பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகள்களை மணந்தோர் என ஆணை உறவுமுறை முழுவதையும் வளைக்கிறது. கழுவேற்றியதாகவோ தலையை வெட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் எனக்கு வரும் கைப்பிரதிகளில் பாதிக்கு மேல் கழுமரத்தில்தான் முடிகின்றன.

இராசகேசரி யார்?

பரகேசரி, இராசகேசரி என்பவை சோழ மன்னர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தமசோழன் பரகேசரி, 985இல் அரியணை ஏறிய இராசராசன் இராசகேசரி. கல்வெட்டு இராசகேசரியின் 2ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது; ஆகவே அதை உத்தமசோழனுடையதாக அல்ல, இராசராசனுடையதாகக் கொள்ள வேண்டும்.

உத்தமசோழனை உடனே கூண்டில் ஏற்றுவது

அவன் காலத்தில் தண்டனை நடந்ததாகச் சான்று இல்லை என்பதால் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் அவனை ஐயுற்றார். மற்றொரு வரலாற்றறிஞரான சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமசோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில்களை ஆய்வு செய்யும் உயர்பொறுப்பில் இருந்தான். அண்ணனைக் கொன்றவனின் மகன் என்று இராசராசன் கருதியிருந்தால் அப்பொறுப்பு அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு விடை தேடிவிட்டுக் குற்றம் சாட்டலாம்.

ஆபத்துதவிகள்

பாண்டிய மன்னனின் மெய்க்காவலர் என்ற பொருளில், கொலையாளிகளைக் குறிக்கப் பலரும் எழுதும் சொல் இது; உடையார்குடிக் கல்வெட்டில் இச்சொல் இல்லை.