இராணுவ ஆட்சிக் காலத் தீர்ப்பை எப்படிப் படிப்பது?

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் என்னிடம் வேலை பழக வரும் ஜூனியர்மாருக்கு முதல் நாளே ஒரு பென்சிலையும் லகான்மி வழக்கின் போட்டோக் கொப்பியையும் கொடுத்துவிடுவேன். நைஜீரிய உச்ச நீதிமன்றம், 1970. கூட்டாட்சி நாட்டில் இராணுவம் ஆண்டபோது நீதிபதிகள் எப்படி நிமிர்ந்து நின்றார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

தீர்ப்புக்குப் போகுமுன் சட்டத்தைப் போட்டது யார் என்று பாருங்கள். அங்கே மத்திய இராணுவ அரசு போட்டால் டிக்ரீ (நமது சிவில் வழக்கு டிக்ரீ வேறு), மாநில ஆளுநர் போட்டால் ஈடிக்ட். லகான்மியின் சொத்து முடங்கியது மேற்கு மாநில ஈடிக்டால். அவர் வழக்காடிக்கொண்டிருக்கும்போதே 1968இல் மத்தி 45ஆம் இலக்க டிக்ரீயைக் கொண்டுவந்து அந்த உத்தரவுக்கு முட்டுக்கொடுத்தது. நீதிமன்றம் இதைக் கேட்கக்கூடாது என்றும் எழுதிவைத்தது.

அந்தப் பிரிவைத் தேடிப் பிடித்துப் பென்சிலால் கட்டம் போடுங்கள். அப்புறம், நீதிபதிகள் அதை எப்படிக் கடந்தார்கள் என்று வரி வரியாகப் பாருங்கள். குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து எழுதியது சட்டமா, சட்டத்தின் உருவில் வந்த தண்டனையா என்று கேட்டார்கள். தண்டனைதான் என்று கண்டு அந்த டிக்ரீயைச் செல்லாதென்றார்கள். அதற்கு அவர்கள் கையிலெடுத்தது நம் இலங்கையின் லியனகே வழக்கை! 1962இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தவர்களைத் தண்டிக்கவென்றே பின்னோக்கிச் செல்லும் சட்டம் செய்தார்கள். 1965இல் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் (அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றம்) அதைச் செல்லாதென்றது, தண்டனை பெற்ற 11 பேரும் வெளியே வந்தார்கள். கொழும்பில் விசாரித்த வழக்கு லாகோஸில் ஒருவருக்குக் கைகொடுத்த அந்தப் பக்கத்தில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

சரி, பின்னால் என்ன நடந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சில வாரங்களில் 28ஆம் இலக்க டிக்ரீ வந்து தீர்ப்பையே செல்லாக்காசாக்கியது. அதனால் நீதிபதிகள் தோற்றார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

திகதியும் முக்கியம். பாகிஸ்தானில் டோசோ வழக்கு இராணுவச் சட்டம் வந்து 20 நாளில் ஆட்சிக்குச் சாதகமாக முடிந்தது. அதைப் பிழையென்று சொன்ன அஸ்மா ஜிலானி தீர்ப்பு 1972இல், இராணுவ ஆட்சியாளர் யாஹியா கான் இறங்கிய பிறகுதான் வந்தது.

கடைசியாக, தீர்ப்பளித்த நீதிபதிகள் குழாமில் இல்லாத பெயர்களைத் தேடுங்கள். 2000 ஜனவரியில் பாகிஸ்தானின் இராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் நீதிபதிகளிடம் கேட்ட புதிய பதவிச் சத்தியத்தைப் பிரதம நீதியரசர் சயீதுஸ்ஸமான் சித்திக்கி செய்ய மறுத்தார். அதே ஆண்டு மே மாதம் இராணுவ ஆட்சிக்கு 3 ஆண்டு அவகாசம் கொடுத்த தீர்ப்பில் அவர் கையெழுத்து இல்லை.