செனட்டை ஆளும் பணமூட்டைகள்: 1889 கேலிச்சித்திரத்தைப் படிப்பது எப்படி?

உயர்நிலைப் பள்ளி வரலாற்றுத் தேர்வில் கேலிச்சித்திரம் வந்தால், பிள்ளைகள் பலர் "பணக்காரர்களைக் கிண்டல் செய்கிறது" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். யாரை, எதற்காக, எந்தச் சூழலில் என்ற மூன்றும் இல்லாமல் விடை நிறைவு பெறாது. இதற்குப் பழக, ஜோசப் கெப்ளர் 'பக்' என்ற அமெரிக்க வார இதழில் 23 ஜனவரி 1889 அன்று வெளியிட்ட 'செனட்டின் எஜமானர்கள்' அருமையான படம். செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலக இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கி, சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் அச்சுக்கடை ஒன்றில் ஏ3 தாளில் வண்ணத்தில் எடுங்கள். கைப்பேசித் திரையில் தொந்தி பெருத்த பணமூட்டை மனிதர்கள்தான் கண்ணில் படுவார்கள். சின்ன எழுத்துகள் மங்கிவிடும். பாதி அர்த்தம் அந்த எழுத்துகளில்தான்.

ஆகவே ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். மேலே பார்வையாளர் மாடம் காலி. அங்குள்ள 'மக்கள் நுழைவாயில்' தாழிட்டு அடைபட்டிருக்கிறது. கீழே 'ஏகபோகக்காரர் நுழைவாயில்' திறந்து கிடக்கிறது. மூட்டைகள் அதன் வழியே வருகின்றன. சுவரிலோ, இது ஏகபோகக்காரர்களுடைய, ஏகபோகக்காரர்களால், ஏகபோகக்காரர்களுக்காக நடக்கும் செனட் என்ற வாசகம். 1863இல் கெட்டிஸ்பர்க்கில் அதிபர் லிங்கன் மக்களாட்சிக்குச் சொன்ன 'மக்களுடைய, மக்களால், மக்களுக்காக' என்ற வரியைக் கெப்ளர் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். படத்தின் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. விடையில் இதை விடவே கூடாது.

உருவ அளவு அடுத்தது. எஃகு, செம்பு, சர்க்கரை, ஸ்டாண்டர்ட் ஆயில் என்று வயிற்றில் பெயர் தாங்கிய டிரஸ்டுகள் (போட்டியை ஒழிக்க ஒன்றுசேர்ந்த பெருநிறுவனக் கூட்டுகள்) பின்னால் மலைபோல் நிற்க, செனட்டர்கள் மேசைகளில் சுண்டைக்காய் அளவில் இருக்கிறார்கள். மூட்டை உருவம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 1871இலேயே தாமஸ் நாஸ்ட், ட்வீட் என்ற நியூயார்க் அரசியல்வாதிக்குத் தலைக்குப் பதில் பணமூட்டையை வரைந்துவிட்டார்.

சூழலுக்கு ஒரு வரி போதும்: அன்று செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன, நேரடி வாக்கு 1913இல்தான் வந்தது. டிரஸ்டுகளுக்கு எதிரான ஷெர்மன் சட்டம் 1890இல் வந்ததால், "இந்தப் படம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். முன்னால் நடந்தது என்பதாலேயே காரணம் ஆகிவிடாது. லஞ்சம் கைமாறியதற்கான ஆதாரமாகவும் இதைக் காட்ட முடியாது. அந்தக் கால வாசகர்களிடம் அப்படியோர் அச்சம் இருந்தது என்பதற்குத்தான் இது சான்று.

ஒப்பிடக் கேட்டால் பெர்ன்ஹார்ட் கில்லமின் 1883 'பக்' படத்தை எடுங்கள். ஜே கூல்ட், வேண்டர்பில்ட் முதலிய பெருமுதலாளிகள் நால்வர் பணமூட்டைகள்மேல் சொகுசாக அமர்ந்திருக்க, தொழிலாளர்கள் அவர்களைத் தெப்பத்தோடு சுமக்கிறார்கள். அதில் குற்றவாளிகளுக்கு முகம் உண்டு. கெப்ளரிடம் டிரஸ்டின் பெயர் மட்டுமே. இந்த வேறுபாட்டிலிருந்து ஒப்பீட்டை ஆரம்பியுங்கள்.