சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு எந்த இன்ஜெக்டர்? மஸ்டாங் ஜிடி கணக்கோடு ஒரு செய்முறை

சூப்பர்சார்ஜர் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதற்கு ஈடான பெட்ரோலை, அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரால் கொடுக்க முடியாவிட்டால் கலவை லீனாகும் (பெட்ரோல் குறைந்துவிடும்), வெப்பம் ஏறும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) தொடங்கும். கடைசியில் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள விளிம்பு உடையும். இதற்கு ஒரே ஒரு முழு த்ராட்டில் ஓட்டம் போதும். அதனால் இன்ஜெக்டர் கணக்கை முடித்துவிட்டுத்தான் சூப்பர்சார்ஜரைப் பூட்ட வேண்டும்.

1999–2004 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியை எடுத்துக்கொள்வோம். 4.6 லிட்டர் வி8. கம்பெனியிலிருந்து 260 எச்பி. மணிக்கு 19 பவுண்டு பெட்ரோல் தரும் இன்ஜெக்டர் எட்டு. சிசியில் பேசுகிறவர்கள் பவுண்டை 10.5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சிசி என்று வந்துவிடும்.

படி 1: எத்தனை எச்பி வேண்டும்?

கணக்குக்குத் தேவை இன்ஜினின் கிராங்க் தண்டில் கிடைக்கும் திறன். டைனோ (வண்டியின் திறனை அளக்கும் மேடை) காட்டுவது சக்கரத்துக்கு வந்து சேரும் திறன். மேனுவல் கியர் வண்டியில் சுமார் 15% வழியில் போய்விடும். சக்கரத்தில் 340 என்றால் கிராங்கில் 340 ÷ 0.85 = 400. ஜிடியின் கனெக்டிங் ராடு பவுடர் மெட்டலில் (உலோகத் தூளில்) செய்தது, ரொம்ப அதிகத் திறனைத் தாங்காது. அதனால் இந்த 400-ஐயே இலக்காக வைத்துக்கொள்வோம்.

படி 2: இன்ஜெக்டர் அளவு

எச்பி × பிஎஸ்எஃப்சி ÷ இன்ஜெக்டர் எண்ணிக்கை ÷ டியூட்டி சைக்கிள்.

பிஎஸ்எஃப்சி என்பது ஒரு எச்பிக்கு ஒரு மணி நேரத்தில் செலவாகும் பெட்ரோல், பவுண்டில். சாதாரண இன்ஜினுக்கு 0.50 போடலாம். சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு 0.60 போடுங்கள். காரணம் இரண்டு: சூப்பர்சார்ஜரைச் சுற்றும் திறனும் கிராங்கிலிருந்துதான் போகிறது, பூஸ்ட்டில் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) வெப்பத்தைக் குறைக்கக் கலவையை ரிச்சாகவும் (பெட்ரோல் கூடுதலாகவும்) வைக்க வேண்டியிருக்கிறது.

டியூட்டி சைக்கிள் என்பது கிடைக்கும் நேரத்தில் எத்தனை சதவீதம் இன்ஜெக்டர் திறந்திருக்கிறது என்பது. அதை 80% என்று வைப்போம். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லிசெகண்ட். அதில் 16 மட்டும் இன்ஜெக்டர் திறந்திருக்கலாம். 90%-ஐத் தாண்டினால் மூடி முடிப்பதற்குள் அடுத்த திறப்பு வந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பது கட்டுப்பாட்டில் இருக்காது.

400 × 0.60 = 240. அதை 8-ஆல் வகுத்தால் 30. 0.8-ஆல் வகுத்தால் 37.5 பவுண்டு, அதாவது சுமார் 394 சிசி.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 0.50 போட்டுக் கணக்கிட்டால் 31 பவுண்டு சொச்சம் வரும். 32 பவுண்டு வாங்குவார்கள். உண்மையில் தேவை 30 என்பதால் அது 94% டியூட்டியில் ஓடும்.

"சின்ன பூஸ்ட்தானே, கம்பெனி இன்ஜெக்டரே தாங்கும்" என்று சொல்பவர்களுக்கும் பதில் இதே கணக்கில் இருக்கிறது. 19 × 8 × 0.8 ÷ 0.6 = 203 எச்பி. சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே, 0.50-ம் 85% டியூட்டியும் போட்டால் 258 வருகிறது. கம்பெனி சொல்லும் 260-க்கே அந்த இன்ஜெக்டர் ஏறக்குறைய விளிம்பில்தான் நிற்கிறது. ஃபோர்டே சூப்பர்சார்ஜரோடு விற்ற 2003 மஸ்டாங் கோப்ராவில், 390 எச்பிக்கு 39 பவுண்டு இன்ஜெக்டர் வைத்திருக்கிறது.

படி 3: எந்த அழுத்தத்தில் அந்த அளவு?

இதைக் கேட்காமல் வாங்காதீர்கள். பல இன்ஜெக்டர்களின் அளவு 3 பாரில் சொல்லப்படுகிறது. இந்த மஸ்டாங்கோ சுமார் 2.7 பாரில் ஓடுகிறது. அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஓட்டம் மாறும்: √(2.7 ÷ 3) = 0.95. 3 பாரில் 42 பவுண்டு என்று விற்பது இங்கே 40 பவுண்டுதான் தரும். நம் தேவை 37.5, ஆக 42 சரியான தேர்வு.

இன்ஜெக்டரின் நுனி பூஸ்ட்டுக்குள் இருப்பதால் அதற்கு எதிர் அழுத்தமும் உண்டு. இந்த வண்டியில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயிலில் உள்ள அழுத்த சென்சாருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் வருகிறது. பூஸ்ட் ஏற ஏற அதே அளவு ரெயில் அழுத்தமும் ஏறும். அந்தக் குழாய் கழன்றாலோ வெடித்தாலோ மேல் ஆர்பிஎம்மில் லீனாகும்.

படி 4: பம்ப்

மணிக்கு 240 பவுண்டு என்பது சுமார் 147 லிட்டர். 8 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் ரெயிலில் 3.25 பார் வேண்டும். அழுத்தம் ஏறினால் பம்பின் ஓட்டம் குறையும் என்பதால், அந்த அழுத்தத்தில் குறைந்தது 185 லிட்டர் தரும் பம்ப் பாருங்கள். வழக்கமாகப் போடும் 255 லிட்டர் பம்ப் தாராளம்.

படி 5: பொருந்துமா?

மல்டிமீட்டரில் 12 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். 2–3 ஓம் வகையை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். கனெக்டர் வகை, ஓ-ரிங்குகளுக்கு இடைப்பட்ட நீளம் இரண்டையும் பழைய இன்ஜெக்டரோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஓட்டம் சோதித்து, ஒன்றுக்கொன்று இணையானது என்று தாள் தரும் செட்டையே வாங்குங்கள். எட்டில் ஒன்று குறைவாகக் கொடுத்தால் ஆக்ஸிஜன் சென்சார் காட்டிக்கொடுக்காது. அது அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் பார்க்கிறது. மலிவு விலைப் போலிகளில் இந்தக் குறை சகஜம். "பின்னால் உதவும்" என்று 60, 80 பவுண்டுக்கும் போக வேண்டாம். ஐடிலில் திறப்பு நேரம் மிகவும் சுருங்கி, அளவு சீராக வராமல் வண்டி தடுமாறும்.

படி 6: ஈசியூவுக்குச் சொல்வது

புது இன்ஜெக்டர் எப்படிப் பெட்ரோல் தருகிறது என்று சொல்லும் எண்களை, அதாவது ஹை ஸ்லோப், லோ ஸ்லோப், பிரேக்பாயிண்ட், வோல்ட்டேஜுக்கு ஏற்ற தாமத அட்டவணை ஆகியவற்றை விற்பவரிடம் கேட்டு, ஈசியூவின் அமைப்பை மாற்றும் ட்யூனரிடம் கொடுங்கள். பெரிய இன்ஜெக்டருக்கு ஏற்ப "காலிபரேட்" செய்த ஏர்மீட்டரை (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரை) மட்டும் மாட்டிச் சமாளிக்கும் பழைய வழி ஆபத்தானது. காற்று குறைவாக வருகிறது என்று ஈசியூ நம்பி, இக்னிஷனை முன்னே தள்ளும்; பூஸ்ட்டில் அது நேரே நாக்கிங்தான்.

படி 7: மாட்டுதல்

ரெயில் அழுத்தத்தை இறக்கி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, நேராக அமுக்குங்கள். காய்ந்த ஓ-ரிங் மடங்கிக் கிழியும். பேட்டரியைத் திரும்ப இணைத்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் கீழும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதல் முழு த்ராட்டில் ஓட்டத்தை டைனோவில் வைட்பேண்ட் சென்சாரோடு செய்யுங்கள். பூஸ்ட்டில் காற்று–பெட்ரோல் விகிதம் 11.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 12.5 பக்கம் நகர்ந்தால் உடனே காலை எடுத்துவிட்டு, ரெயில் அழுத்தத்தை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் டியூட்டி சைக்கிளைப் பாருங்கள்.