முற்றிய டிமென்ஷியா: வீட்டுப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி நிவாரண ஆதரவு சிகிச்சை (நோயாளியின் வலியையும் அவதியையும் தணிக்கும் பராமரிப்பு) என்ற பேச்சை எடுத்ததுமே மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. அது புற்றுநோயாளிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்வதால், டிமென்ஷியா என்னும் மறதிநோய் முற்றிய முதியவருக்கு மிகவும் தாமதமாகவே அது கிடைக்கிறது.

வீட்டுப் பராமரிப்பில் நேரும் தவறுகளுள் கொடியது, வலியைக் கவனிக்கத் தவறுவதே. "எங்காவது வலிக்கிறதா?" என்றால் இல்லையென்று தலையாட்டும் முதியவர், குளிப்பாட்டத் தூக்கும்போது அலறுவதையும் கையைத் தட்டிவிடுவதையும் பிடிவாதம் என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்கு மூட்டுத் தேய்மானமோ, சொத்தைப் பல்லோ, மலச்சிக்கலோ, சிறுநீர் அடைப்போ காரணமாக இருக்கலாம். வலியைச் சொல்ல முடியாத இத்தகையவர்களுக்காக 2003இல் வெளியான பெயின்ஆட் என்ற வலி அளவுகோல், மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற 5 குறிகளுக்குத் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் தருகிறது. இவற்றை வீட்டிலிருப்பவரும் கவனித்துச் செவிலியரிடம் சொல்லலாம். அதைச் செய்யாமல், அடக்கிவைக்க மனநோய் மருந்து கேட்டு வாங்குவது ஆபத்தானது. அம்மருந்துகள் டிமென்ஷியா முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005லேயே எச்சரித்துள்ளது. நார்வே முதியோர் இல்லங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்தபோது பதற்றமான, முரண்டு பிடிக்கும் நடத்தை குறைந்தது. பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது சாதாரண பாரசிட்டமால்தான்.

அடுத்த தவறு, மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய். பட்டினி போட்டார்கள் என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பல வீடுகளில் குழாய்க்குச் சம்மதிக்கிறார்கள் என்பது என் எண்ணம். முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ சான்றில்லை. முதியவர் அதைப் பிடுங்குவதும், அதனால் அவர் கைகளைக் கட்டிவைப்பதுமே மிஞ்சுகின்றன. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றைச் சிறு கரண்டியால், விழுங்கியதைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் 2014இல் பரிந்துரைத்தது. கடைசி நாள்களில் பசியும் தாகமும் தாமாகவே அடங்கும். அப்போது வற்புறுத்தி ஊட்டாமல் உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

முதியவரின் விருப்பத்தைக் கேட்பதைத் தள்ளிப்போடுவதும் தவறே. தன்னால் முடிவெடுக்க இயலாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியதால், இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற்றால் போதும். ஆனால் எழுதுபவருக்குத் தெளிவான சிந்தனை இருக்க வேண்டுமாதலால், நோயின் தொடக்கத்திலேயே இதை முடித்துவிட வேண்டும்.