இன்டராக்டிவ் ஈபுக் ஃபைல் ரெடி பண்றப்போ எங்கெல்லாம் சொதப்புது

குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம், ஆடியோ ஓடணும், படிக்கிற வரி கலர் மாறணும், கடைசில நாலு கேள்வி, தொட்டா சரியா தப்பான்னு சொல்லணும். இப்படி ஆசையா ஆரம்பிக்கிறவங்க முக்கால்வாசி பேர் பண்ற முதல் தப்பு, லேப்டாப்புல ப்ரௌசர்ல திறந்து பாத்துட்டு "சூப்பரா ஓடுதே"ன்னு நம்பிடறது. ஈபப்ங்கிற ஈபுக் ஃபைலுக்குள்ள இருக்கிறது வெப்பேஜ்தான், ஒத்துக்கிறேன், ஆனா அதைத் திறக்கிற ஆப் ப்ரௌசர் கிடையாது. ஈபப் 3 ஸ்டாண்டர்டுல, தொட்டா வேலை செய்ய வைக்கிற ஜாவாஸ்கிரிப்ட் கோட் எல்லா ஆப்லயும் ஓடியே ஆகணும்னு கட்டாயமே இல்ல. ஆப்பிள் புக்ஸ்ல ஓடும். கிண்டிலுக்கு அனுப்பினா கன்வெர்ஷன்லயே ஸ்கிரிப்டை மொத்தமா உருவி எடுத்துடுவாங்க, பட்டன் மட்டும் பொம்மை மாதிரி நிக்கும், குழந்தை தட்டித் தட்டிப் பாத்துட்டு மூடி வெச்சிடும்.

இதுல இன்னும் மோசமான ஒண்ணு இருக்கு. விடையை, பக்கத்தோட தோற்றத்தை எழுதி வைக்கிற சிஎஸ்எஸ்ல மறைச்சு வெச்சுட்டு, தொட்டதும் ஸ்கிரிப்ட் வந்து காட்டும்னு எழுதுவாங்க. ஸ்கிரிப்ட் ஓடாத இடத்துல அந்த விடை ஃபைலுக்குள்ள இருந்தும் யார் கண்ணுலயும் படாது. இதைத் தலைகீழா பண்ணுங்க. ஒவ்வொரு ஆப்ஷனையும் சாதாரண லிங்க்கா வைங்க, தொட்டா புத்தகத்தோட பின்பக்க விடைப் பகுதிக்குப் போகட்டும், அங்கேர்ந்து கேள்விக்குத் திரும்பி வர இன்னொரு லிங்க். இது எந்த டப்பா ரீடர்லயும் வேலை செய்யும். அதுக்கு மேல, ஸ்கிரிப்ட் ஓடுற ஆப்ல மட்டும் அந்த ஸ்கிரிப்டே விடையை மறைச்சு, தொட்டதும் அழகா காட்டட்டும். ஸ்கிரிப்ட் இருக்கிற பக்கத்துக்கு ஓபிஎஃப் ஃபைல்ல (புத்தகத்தோட விவரமெல்லாம் இருக்கிற ஃபைல்) மேனிஃபெஸ்ட்ங்கிற ஃபைல் பட்டியல்ல 'ஸ்கிரிப்டெட்'னு ப்ராப்பர்ட்டி போட மறக்காதீங்க. அப்புறம் இந்த இழுத்துப் பொருத்துற விளையாட்டு, டெமோல பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா விரலை இழுத்தா பல ஆப்ல பக்கம் திரும்பிடும். தொட்டுத் தேர்ந்தெடுக்கிற மாதிரி மாத்திடறது உத்தமம்.

ஆடியோல சொதப்பறது பெரும்பாலும் வரிசை தப்பறதால. டெக்ஸ்ட் ஃபைனல் ஆகாமலே ரெக்கார்ட் பண்ணி, எந்த வாக்கியம் எந்த செகண்ட்லேர்ந்து எந்த செகண்ட் வரைக்கும்னு ஸ்மில் ஃபைல் எழுதிடுவாங்க. அப்புறம் எடிட்டர் ஒரு பாராவை ரெண்டா உடைப்பார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குடுத்த அடையாளப் பேரான ஐடி எல்லாம் மாறிடும், ஸ்மில் இல்லாத ஐடியைத் தேடிட்டு நிக்கும். ப்ரூஃப் முடிஞ்சு கையெழுத்தே வாங்கிட்டு மைக் பக்கம் போங்க. குரல் வருது ஆனா வரி கலர் மாறலைன்னா, கலர் மாத்துற சிஎஸ்எஸ் ஸ்டைலோட (ஹைலைட் கிளாஸ்) பேரு ஓபிஎஃப்லயும் சிஎஸ்எஸ்லயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, பாதி நேரம் அதான்.

தமிழ் டெக்ஸ்ட் தனிக் கதை. பழைய புத்தகம் பாமினியில டைப் ஆனதா இருந்தா, அந்த ஃபான்டையே உள்ள எம்பெட் பண்ணி சமாளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. கண்ணுக்குத் தமிழா தெரியும், உள்ள இருக்கிறது வெறும் இங்கிலீஷ் எழுத்து. தேடினா கிடைக்காது, டிக்‌ஷனரி வேலை செய்யாது, ரீடர் ஃபான்ட்டை மாத்தினா அவ்ளோதான். யூனிகோடுக்கு மாத்தினதுக்கு அப்புறமும் வேலை இருக்கு. 'கௌதமன்', 'கெளதமன்' ரெண்டும் பாக்க ஒண்ணுதான், ஆனா ரெண்டாவதுல ஔகாரக் குறிக்குப் பதிலா ளகரம் உக்காந்திருக்கு, வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் அதை 'கெ-ள-தமன்'னுதான் படிக்கும். ஸ்கேன் பண்ண பக்கத்தை எழுத்தா மாத்துற ஓசிஆர்ல வந்ததுன்னா துணைக்கால் (ா) இருக்க வேண்டிய இடத்துல ரகரம் ஒளிஞ்சிருக்கும், 'கால்' 'கரல்' ஆயிருக்கும், அதை மனுஷக் கண்ணாலதான் பிடிக்கணும். மொழி தமிழ்ங்கிறதை 'டிஏ' (ta)ன்னு ஓபிஎஃப்லயும் ஒவ்வொரு பக்கத்துலயும் குறிக்கணும், இல்லேன்னா இங்கிலீஷ் குரல் வந்து தமிழை மென்னு துப்பும். யூரோப்ல விக்கிறவங்க இதுல கூடுதல் கவனமா இருங்க, 2025 ஜூன் 28லேர்ந்து ஐரோப்பிய யூனியனோட ஆக்சஸிபிலிட்டி சட்டத்துக்குள்ள ஈபுக்கும் வந்தாச்சு.

எல்லாம் சரியா பண்ணிட்டு கடைசி நிமிஷத்துல ஜிப் பண்றப்போ கோட்டை விடறதும் உண்டு. ஈபப்ல 'மைம்டைப்'னு 20 எழுத்துல ஒரு குட்டி ஃபைல் இருக்கும், ஜிப்புக்குள்ள அதுதான் முதல்ல வரணும், கம்ப்ரஸ் ஆகாம வரணும், உள்ள ஒரு எக்ஸ்ட்ரா என்டர் கூட இருக்கக் கூடாது. மேக்ல ஃபோல்டரை ரைட் க்ளிக் பண்ணி கம்ப்ரஸ் குடுத்தா இதெல்லாம் நடக்காது, கூடவே மேக்கோட சொந்தக் குப்பை ஃபோல்டர் ஒண்ணும் உள்ள ஏறிடும். சிஜில்ங்கிற ஈபப் எடிட்டர்ல திறந்து சேவ் பண்ணிட்டா இந்தத் தலைவலி இல்ல.

ஃபைல் விதிப்படி இருக்கான்னு பாக்கிற ஈபப்செக்ல பச்சை வந்துடுச்சுன்னு உடனே அப்லோட் பண்ணிடாதீங்க, அது இலக்கணம்தான் பாக்கும், க்விஸ் ஓடுதான்னு பாக்காது. கம்ப்யூட்டர்ல தோரியம் ரீடர் ஃப்ரீயா கிடைக்குது, ஆடியோவையும் ஹைலைட்டையும் அதுல பாருங்க, அப்புறம் வீட்ல கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்ல எழுத்து சைஸை ஃபுல்லா ஏத்தி நைட் மோட் போட்டு ஒரு தடவை புரட்டுங்க. விண்டோஸ்ல தெரிஞ்ச படம் அங்க காணாமப் போச்சுன்னா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கான்னு பாருங்க, 'ஜேபிஜி'யை ஒரு எடத்துல கேப்பிடல்ல அடிச்சிருப்பீங்க.