வோல்ற்றளவு, மின்னோட்டம், தடை, வலு: கணக்கு எங்கே பிழைக்கிறது?

தடை வேண்டுமானால் வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். வலு வேண்டுமானால் இரண்டையும் பெருக்க வேண்டும். சாதாரண தரத்திலேயே படித்துவிடும் இந்தச் சூத்திரங்களில் பிழை விடுபவர்கள் குறைவு. சூத்திரத்துக்குள் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் கணக்கு கவிழ்கிறது. வோல்ற்றளவும் மின்னோட்டமும் ஒரே பொருளுக்கு உரியவையாக, ஒரே நேரத்தில் அளந்தவையாக இருக்க வேண்டும். கீழே வரும் தவறுகளில் அனேகமானவை இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

கேத்தலின் அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். பலவற்றில் 220–240 வோல்ற்று, 1850–2200 வாற்று என்று இருக்கும். 220க்கு உரிய வலு 1850; 240க்கு உரியது 2200. வோல்ற்றளவின் வர்க்கத்தை வலுவால் வகுத்தால் இரண்டு சோடியிலும் 26.2 ஓம்தான் வரும், சூடாக்கும் கம்பி ஒன்றே என்பதால். 240ஐ 1850உடன் சேர்த்தால் 31 ஓம் வரும். 220ஐ 2200உடன் சேர்த்தால் 22 ஓம். இரண்டுமே பிழை.

ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரமாக உள்ள தோட்ட லயத்தில், எல்லா வீட்டிலும் லைட் எரியும் மாலை நேரத்தில், பிளக்கில் 190 வோல்ற்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கேத்தல் 190 ÷ 26.2, அதாவது 7.25 அம்பியர் இழுக்கும். வலு 190 × 7.25, சுமார் 1378 வாற்று. கிளாம்ப் மீற்றரில் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் மீற்றர்) 7.25ஐ அளந்துவிட்டு, வோல்ற்றளவை அளக்காமல் பழக்கத்தில் 230 என்று போட்டால் 1668 வாற்று வரும். 230 வோல்ற்றில் கிடைக்கும் 2019 வாற்றை 190/230 என்ற விகிதத்தில் குறைப்பவருக்கும் அதே 1668தான் வரும். இரண்டு வழியில் ஒரே விடை வந்ததால் சரி என்று நம்பிவிடுவார்கள். வோல்ற்றளவு குறையும்போது மின்னோட்டமும் கூடவே குறைகிறது. ஆகவே வலு வர்க்க விகிதத்தில் இறங்குகிறது.

தண்ணீரை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். சுமார் 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். 100 என்று போடுவதும் ஒரு பிழைதான். 15 பாகையில் உள்ள 1.5 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 498 கிலோயூல் வேண்டும். வெப்ப இழப்பைச் சேர்க்காவிட்டால், 2019 வாற்றில் 4 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. 1378 வாற்றில் 6 நிமிடம். யுனிட் கணக்கில் இரண்டுமே சுமார் 0.14. வோல்ற்று குறைந்தால் பில்லும் குறையும் என்று எண்ண வேண்டாம், நேரம்தான் இழுபடும்.

கேத்தல் கம்பியின் தடை சூட்டில் பெரிதாக மாறாது. அதனால் பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரில் அளந்தாலும் கிட்டத்தட்ட 26 ஓம் காட்டும். இழை பல்ப் அப்படியல்ல. 60 வாற்று பல்ப் 230 வோல்ற்றில் எரியும்போது அதன் தடை 882 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆறிய தடையை வைத்து வலுவைக் கணக்கிட்டால் 600 வாற்றுக்கு மேல் வந்து நிற்கும்.

வயர் கணக்கில்தான் ஆபத்தான பிழைகள். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்குக் கிலோமீற்றருக்கு 12.1 ஓம். 30 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால் மின்னோட்டம் போய்த் திரும்பும் வழி 60 மீற்றர், தடை 0.73 ஓம். பலர் ஒரு வழியை மட்டும் எண்ணுகிறார்கள். அதைவிட மோசமானது, 230இன் வர்க்கத்தை 0.73ஆல் வகுத்து வயரில் 72,000 வாற்று வீணாகிறது என்பது. 230 வோல்ற்று முழுவதும் வயரில் விழுவதில்லையே. கேத்தல் ஓடும்போது கேத்தலும் வயரும் சேர்ந்த தடை 26.2 + 0.73 = 26.93 ஓம்; மின்னோட்டம் 230 ÷ 26.93 = 8.54 அம்பியர். வயரில் விழுவது 6.2 வோல்ற்று, வீணாவது 53 வாற்று. வயருக்கு எப்போதும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்குங்கள். லக்சபான நீர்மின் நிலையத்தின் மின்சாரம் உயர் வோல்ற்றளவில் மலையிறங்குவதும் இந்த வர்க்கத்துக்குப் பயந்துதான்.

அந்த 53 வாற்று 60 மீற்றரில் பரவியிருப்பதால் கையில் சூடு தெரியாது. ஆனால் பிளக் முனையில் ஸ்குரூ தளர்ந்து 0.5 ஓம் தடை உண்டாகிவிட்டால், 8.5 அம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 36 வாற்று. ஈயம் உருக்கும் சோல்டரிங் அயனுக்கு நிகரான சூடு அது. பிளக் பழுப்பாகி உருகுவது இதனால்தான். அரை ஓம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

பற்றரியில் எல்ஈடி பொருத்துபவர்கள் 12 வோல்ற்றை 20 மில்லியம்பியரால் வகுத்து 600 ஓம் என்கிறார்கள். எல்ஈடி 3 வோல்ற்றை எடுத்துக்கொண்டால் தடையிக்கு மிஞ்சுவது 9, அதை 0.02 அம்பியரால் வகுத்தால் 450 ஓம். கடையில் 470 ஓம் கேளுங்கள், கால் வாற்று போதும். மில்லியம்பியரை அம்பியராக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

மோட்டார்களுக்கு வெறும் பெருக்கல் போதாது. வலுக்காரணியும் (பெருக்கி வரும் எண்ணில் உண்மையான வலு எத்தனை பங்கு என்பது) வேண்டும்: 230 வோல்ற்று, 1 அம்பியர், காரணி 0.6 என்றால் 138 வாற்று. தேயிலைத் தொழிற்சாலையின் மூன்று பேஸ் மோட்டாருக்கு 1.732ஆலும் பெருக்க வேண்டும்: 400 வோல்ற்று, பேஸுக்கு 10 அம்பியர், காரணி 0.85 என்றால் சுமார் 5890 வாற்று. சுருளின் தடையை அளந்து மோட்டாரின் மின்னோட்டத்தைக் கணக்கிடுவது பலிக்காது; மாறுமின்னோட்டத்தில் சுருளின் தூண்டலும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) சேர்ந்தே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

அளக்கும்போது: கிளாம்ப் மீற்றருக்குள் ஒரு வயர் மட்டும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம் காட்டும். தடையை அளக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். மல்டிமீற்றரின் சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருக்க, அதைப் பிளக் துளைகளில் ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த நிலையில் மீற்றர் வெறும் கம்பித் துண்டு மாதிரி, நேரடி ஷோர்ட்.