பழைய டீசல் கார் இடையிடையே திணறுகிறதா? பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் எதுவும் நடக்காது. பிறகு திடீரென்று இழுக்கும். பணிமனைக்குக் கொண்டுபோனாலோ ஒழுங்காக ஓடும். சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் கார் இப்படித்தான் திணறியது. உயர் அழுத்த பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். கோளாறு இருந்ததோ டீசல் ஹோஸின் இணைப்பிலுள்ள சிறிய ஓ-ரிங்கில். எனவே திணறும் நேரத்து அளவீடு கையில் இல்லாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். இங்கே சொல்வது காமன் ரெயில் டீசல் எஞ்சின்களுக்கு. அவற்றில் உயர் அழுத்த டீசல் 'ரெயில்' என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) போகும்.

1. எப்போது திணறுகிறது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? ஏற்றத்திலா, சமதரையிலா? டேங்கில் டீசல் எவ்வளவு? புகை என்ன நிறம்? கரும்புகை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் விட்டுப்போனால் டீசல் பக்கத்தையோ ஆக்சிலரேட்டர் பெடலையோ சந்தேகிக்கலாம்.

2. ஸ்கேனரில் பதிவு செய்யுங்கள்

ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் கருவியைச் செருகினால் போதும். கார் கணினியின் அளவீடுகளை அது கைபேசிச் செயலிக்கு அனுப்பும். மிக மலிவான நகல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை மெதுவாகப் படிப்பதால் அரை நொடித் திணறல் பதிவில் சிக்காது. நல்ல கருவியிலும் மூன்று அளவீடுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள்: ரெயில் அழுத்தம், பெடல் நிலை, எஞ்சினுக்குள் போகும் காற்றோட்டம். வண்டி ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பதிவு தானாக நடக்கட்டும்.

பெடல் சீராக ஏறும்போதே ரெயில் அழுத்தம் சரிந்தால் கோளாறு டீசல் பக்கம். பி0087 என்ற குறியீடும் அதையே சொல்லும். காலை எடுக்காதபோதே பெடல் அளவு துள்ளி விழுந்தால் பெடல் சென்சாரைப் பாருங்கள். இரண்டும் ஒழுங்காக இருந்து காற்றோட்டம் மட்டும் குறைந்தால் ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

செயலி அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம்: 30,000 கிலோபாஸ்கல் என்பது 300 பார். ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பெரும்பாலான எஞ்சின்கள் அதை ஒட்டியே இருக்கும்.

3. டீசலோடு காற்று வருகிறதா?

முதலில் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, பழையதானால் புதிது போடுங்கள். திணறல் தொடர்ந்தால்தான் இந்தச் சோதனை.

பல பழைய கார்களில் டேங்குக்குள் பம்ப் கிடையாது. முன்னாலிருக்கும் பம்ப்தான் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டும் இல்லாததால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. டேங்கில் டீசல் குறையக் குறைய உறிஞ்ச வேண்டிய உயரம் கூடும். ஏற்றத்தில் டீசல் தேவையும் கூடும். கால் டேங்குக்குக் கீழே, மேட்டில் மட்டும் திணறுவது இதனால்தான்.

ஒரு சாண் நீளக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே பொருத்துங்கள். திருகு வைத்த கிளிப்பையே வாங்குங்கள். கம்பிக் கிளிப் பிடி தளர்ந்தால் அந்த இடத்திலேயே காற்று புகுந்து சோதனையைக் கெடுத்துவிடும். எஞ்சினை இயக்கியதும் வரும் சில குமிழ்கள் நாம் குழாயைக் கழற்றியதால் வந்தவை. அவை அடங்கட்டும். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் சற்று நேரம் பிடியுங்கள். குமிழ்கள் ஓயாமல் ஓடினால் காற்று புகுகிறது. அதே குழாயை ஃபில்டருக்கு முன்னால் மாற்றிப் பொருத்துங்கள். அங்கே குமிழ் இல்லையென்றால் ஃபில்டர் மூடியின் ரப்பரோ அதன் இணைப்போதான் காரணம். அங்கும் இருந்தால் டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். சோதனை முடிந்ததும் இந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். டீசலில் அது நாளடைவில் இறுகி வெடிக்கும்.

உயர் அழுத்த பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர்வரை போகும் இரும்புக் குழாய்களை எஞ்சின் ஓடும்போது தொடவே தொடாதீர்கள். 1,000 பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

4. இன்ஜெக்டர்

இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் குழாய்களைக் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு ஐட்லிங்கில் ஓட்டுங்கள். ஒன்று மட்டும் வெகுவாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது.

5. காற்றுப் பக்கம்

டர்போ ஹோஸில் எண்ணெய்க் கசிவும் கிழிசலும், ஈஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பங்கை மீண்டும் எஞ்சினுக்குள் விடுவது) கார்பனும் இருக்கிறதா பாருங்கள். காற்றோட்ட சென்சாருக்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதைக் கெடுத்துவிடும்.

பிற்சேர்க்கை: குழாயில் குமிழே தெரியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய காரில் டேங்குக்குள் பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்டால் உங்களுடையதும் அப்படித்தான். அதில் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் கசிவு வெளியே தெரியும். இந்தச் சோதனைக்குப் பதிலாக அழுத்தமானியைப் பொருத்துங்கள்.

இணைப்பைச் சரிசெய்தபின் டீசல் குழாயிலுள்ள கை பம்ப்பை அது இறுகும்வரை அழுத்தி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெயும். காற்றோடு சுழற்றிக்கொண்டே இருந்தால் நல்ல பம்ப்பும் தேய்ந்துவிடும்.